முகத்துவாரத்தை விழுங்கிய கொடுவா

இரட்டைமுனையில் ஆறு கடலில் சேராமல் நின்றுபோன காலையைச் சொல்வதென்றால் தெக்லாவிடமிருந்துதான் தொடங்க வேண்டும், ஏனென்றால் அதை முதலில் பார்த்தவள் அவள், பார்த்துவிட்டு ஒருவரிடமும் சொல்லாமல் தூண்டிலைச் சுற்றி எடுத்துக்கொண்டு பழைய இரும்புப் பாலத்தின் மேலேயே நின்றவளும் அவள். கடல் உள்வாங்கும் வற்றம் தொடங்க வேண்டிய நேரம் வந்து, போயும் விட்டது. பாலத்துக்காலில் படிந்திருந்த பாசிக்கோடு ஒரு விரல்கூட வெளியே தெரியவில்லை. அவள் கிழக்கே பார்த்தாள். நேற்றுவரை இரண்டு மணல்முனைகளுக்கு நடுவே ஆற்றைக் கடலில் விட்டுக்கொண்டிருந்த முகத்துவாரம் அங்கே இல்லை, அது இருந்த இடத்தில் மணல் கிடந்தது, அதுவும் நேற்றிரவு குவித்த மணல் மாதிரி இல்லாமல், அடம்புக்கொடி படர்ந்து, ஊதாப்பூ பூத்து, நண்டு வளை தோண்டி, அவளுடைய அப்பா காலத்திலிருந்தே அங்கே கிடப்பது போலக் கிடந்தது.

கொஞ்ச நேரத்தில் அவளுடைய அக்கா புருசன் கஸ்பார் மொபெட்டில் வந்தார். ஊர்க் கமிட்டித் தலைவர் அவர். எதைப் பார்த்தாலும் சத்தமாகச் சொல்லிவிட்டுத்தான் அடுத்த மூச்சு விடுவார். அன்றைக்கு அவர் வாயைத் திறப்பதற்குள் பாலத்தடி மடுவிலிருந்து பெரியவள் மேலே வந்தாள்.

பெரியவள் என்று ஊர் சொன்னது அந்த மடுவில் தலைமுறையாக இருந்த கொடுவா மீனை. கொடுவா சின்னதில் ஆணாகத் திரியும், பெருத்தபின் பெண்ணாகும், ஆற்றில் வளரும், முட்டைவிட மட்டும் கடல்வாய்க்குப் போகும். இது இரட்டைமுனையில் எல்லாருக்கும் தெரியும். பெரியவள் ஒரு கதவு அளவுக்கு இருந்தாள். அவளுடைய கீழுதட்டில் தெக்லா தூண்டிலுக்காகக் கட்டையில் செய்த மூன்று பொய்மீன்கள் துருப்பிடித்த முள்ளோடு புல்லாக்கு மாதிரித் தொங்கின. மூன்று தடவையும் செவுள் தகட்டால் தூண்டில் நரம்பை அறுத்துக்கொண்டு போனவள் அவள். இப்போது அவள் கொடுவாவுக்கே உரிய அந்த ‘டொப்’ என்ற சத்தத்தோடு வாயைத் திறந்தாள். வாய்க்குள்ளே, வெகு தூரத்தில், அலை உடைந்துகொண்டிருந்தது. இரண்டு கடற்காக்கைகள் பறந்தன. உள்ளிருந்து வந்த உப்புக்காற்றில் கஸ்பாரின் சட்டை பின்பக்கம் புடைத்தது. அவள் வாயை மூடிக்கொண்டு கீழே போனாள்.

“ஏட்டி தெக்லா, முகத்துவாரத்த முழுங்கிட்டாட்டி!”

“ஆமா அத்தான்.”

“நீ எப்பம் பாத்த?”

“விடிஞ்சதும்.”

“வந்து சொல்லலியே?”

“நீங்க பாக்கத்தான போறீய.”

இப்படித்தான் ஊருக்குத் தெரிந்தது, தெரிந்த பிறகு ஊர் அதிசயப்படுவதற்கு அதிக நேரம் எடுத்துக்கொள்ளவில்லை, ஏனென்றால் அன்றைக்குச் செய்ய வேண்டிய வேலை நிறைய இருந்தது. உள்ளே மாட்டிய வள்ளங்களைப் பாலத்தடியில் வரிசையாகக் கட்டினார்கள். கடலில் போயிருந்தவர்கள் திரும்பி வந்து வெளிப்பக்கம் நங்கூரம் போட்டுவிட்டு, மீன்கூடையைத் தலையில் வைத்துக்கொண்டு புது மணலில் நடந்து வந்தார்கள், நடக்கும்போதே யார் வீட்டு மருமகன் இனிமேல் மாமனார் வீட்டுக்குத் தோணிக்கூலி இல்லாமல் போகலாம் என்று கேலி பேசிக்கொண்டு வந்தார்கள். மறுநாளே புது மணலில் நெத்திலி காயப்போட்டார்கள். அதற்கு மறுநாள் பையன்கள் அங்கே ஸ்டம்பு நட்டார்கள். மடுத்தண்ணீர் இனிமேல் நிலாவுக்குக் கட்டுப்படாமல் பெரியவளின் மூச்சுக்குக் கட்டுப்பட்டது; அவள் வாயைத் திறந்தால் ஏற்றம், மூடினால் வற்றம், தூங்கினால் தண்ணீரும் தூங்கியது. மதியம் அவள் கொட்டாவி விடும் நேரத்தில் கடற்காற்று வீசியது என்பதால் சளி பிடித்தவர்களைப் பாலத்துக்குக் கூட்டிவந்து உட்கார வைத்தார்கள். சாமியார் பூசையில் நோயாளிகளுக்காகவும் பயணிகளுக்காகவும் வேண்டிய கையோடு, ‘நம் மடுவில் இருக்கிற கடலுக்காகவும்’ என்று ஒரு வரி சேர்த்துக்கொண்டார், சனங்களும் எங்கள் மன்றாட்டைக் கேட்டருளும் என்று தயங்காமல் சொன்னார்கள்.

ஆனால் மணலைப் பார்த்தவர்கள் இரட்டைமுனைக்காரர்கள் மட்டுமில்லை.

வடக்குமுனையில் ஒரு கம்பெனி இருந்தது. ஆறு வருசமாக அது முகத்துவாரத்தின் இரண்டு பக்கமும் கல் கொட்டி வந்தது. கரையைக் காப்பதற்கு என்று சொல்லித்தான் கொட்டியது, ஆனாலும் ஒவ்வொரு வருசமும் முகத்துவாரம் ஒரு வள்ளத்தின் அகலம் குறைந்துகொண்டே வந்தது, ஊர் போய்க் கேட்டபோதெல்லாம் மேனேசர் டீ வாங்கிக் கொடுத்து அனுப்பினார். இப்போது மணல் வந்ததும் அவர்கள் ஒரு சர்வேயரைக் கூட்டி வந்தார்கள். சபாபதி என்று பெயர். கெட்ட மனிதர் இல்லை, வெயிலில் தொப்பி இல்லாமல் நின்று அளந்தார், யாராவது மோர் கொடுத்தால் நன்றி சொல்லிக் குடித்தார். மஞ்சள் பெயின்ட் பூசி, தலையில் சிவப்புத் துணி கட்டிய கட்டைகளைப் புது மணல் முழுக்க அடித்தார்கள். மணல் இருக்கிற இடம் தரை, தரை என்றால் அதற்கு ஒரு சொந்தக்காரர் வேண்டும் என்றார் மேனேசர். சனிக்கிழமையோடு அளவு முடியும், முடிந்ததும் பெரிய அதிகாரி வருவார், அவர் வந்து போனபின் மணலைச் சுற்றிச் சுவர் எழும்பும், ஊருக்கு உள்நாட்டில், கடல் கண்ணில் படாத ஓர் இடத்தில் வீடு கட்டித் தருவார்கள்.

“அங்கன மீன் கெடைக்குமா?” என்று தெக்லாவின் அக்கா செபமாலை கேட்டாள்.

“மார்க்கெட் இருக்கும்மா,” என்றார் மேனேசர்.

அன்று சாயங்காலம் கோயில் முன்னால் கமிட்டி கூடியது. வலை போடலாம் என்றார்கள் சிலர். பெரியவள் வலைக்குள் வந்தால் வலை கடலுக்குள் போய்விடும் என்றார்கள் மற்றவர்கள். தோட்டா போடலாம் என்று ஒருவன் சொன்னபோது, பின்வரிசையில் உட்கார்ந்திருந்த தெக்லா எழுந்தாள். அவள் கூட்டத்தில் எழுந்ததை யாரும் அதற்குமுன் பார்த்ததில்லை. சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, தரையைப் பார்த்தே பேசினாள்.

“வெடிச்சா தூள்தூளாத்தான் வெளிய வரும். ஒரு வீட்டு வாசல்ல ஒரு சாண் முகத்துவாரம், இன்னொரு வீட்டுல ஒரு சாண். அத வச்சி வள்ளம் விட முடியுமா?”

“பெறகு என்ன செய்யச் சொல்லுத?”

“அவளா வாயத் தொறந்து துப்பணும். கொடுவா முள்ளு குத்துனா துள்ளும். துள்ளும்போது தலைய உதறும். உதறும்போது வாயில உள்ளதெல்லாம் வெளிய போட்டுரும்.”

“மூணு மட்டம் உன்கிட்டருந்து அறுத்துட்டுப் போனவளாச்சே?” என்றார் கஸ்பார்.

“மூணு மட்டமும் கடிச்சாளா இல்லியா?” என்றாள் தெக்லா, சொல்லிவிட்டு உட்கார்ந்துவிட்டாள். உட்கார்ந்த பிறகும் அவளுடைய காது வெகுநேரம் சிவந்திருந்தது.

அப்படித்தான் அவளிடம் வேலை வந்தது. தெக்லா பொய்மீன் செய்கிறவள். பூவரசுக் கட்டையில் உடல், வயிற்றில் ஈயம், தாடைக்குக் கீழே தகர நாக்கு. நாக்கு நீளமானால் ஆழத்தில் போகும், குட்டையானால் மேலே துடிக்கும். கலங்கல் தண்ணீருக்குக் கறுப்பு, தெளிந்த தண்ணீருக்கு வெள்ளி. புதிதாகச் செய்த எதையும் வீட்டுத் தொட்டியில் பல தடவை இழுத்துப் பார்த்து, ஒரு மயிரிழை சாய்ந்து நீந்தினாலும் மறுபடி சீவுவாள். மற்றவர்கள் பொய்மீனை உயிருள்ள மீன் மாதிரி இழுக்கப் பார்ப்பார்கள். அவள் சாகப்போகிற மீன் மாதிரி இழுப்பாள்: இரண்டு வெட்டு, ஒரு நிறுத்தம், மறுபடி ஒரு வெட்டு, இன்னும் நீளமாக ஒரு நிறுத்தம். கொடுவா அடிப்பது அந்த நிறுத்தத்தில்தான். பொறுமை இல்லாதவன் அந்த நேரம் பார்த்து இழுத்துத் தொலைப்பான்.

புதன்கிழமை அவள் மடவை மீன் மாதிரி ஒரு வெள்ளிப் பொய்மீனைப் பாலத்துக்காலின் நிழலை ஒட்டிப் போட்டாள். பெரியவள் வந்தாள், பார்த்தாள், வாலை ஒரு சுழற்றுச் சுழற்றிவிட்டுப் போனாள். பழைய செருப்பு ரப்பரில் வெட்டிய இறாலை அடித்தரையில் தத்தித் தத்தி நடத்தினாள். பெரியவள் அதைத் தாண்டிப் போனாள், தாண்டும்போது திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. வியாழக்கிழமை சேவலிறகு கட்டிய ஈயத்தைப் போட்டாள், செம்மீன் நிறத்தில் ஒன்றைப் போட்டாள், தவளை மாதிரி ஒன்றை மேல்தண்ணீரில் குதிக்கவிட்டாள். பாலக் கைப்பிடி முழுக்கச் சனம் நின்று யோசனை சொன்னது.

“பெருசா போடுட்டி!”

“மெதுவா இழு மைனி, கெழவிக்கு மூட்டுவலி இருக்கும்!”

“அவளுக்குக் கடலே வயித்துல கெடக்கு, நீ கட்டைய வச்சா பசிக்குமா?” என்றாள் செபமாலை.

கடைசியில் சொன்னது தெக்லாவின் மண்டைக்குள் தைத்தது. பசிக்கவில்லை. எப்படிப் பசிக்கும்? ஒவ்வொரு வருசமும் மீன்பிடிக்கிறவர்களின் காவலரான இராயப்பர் திருநாளன்று ஊரில் வீட்டுக்கு ஒரு மடவையைப் பாலத்திலிருந்து பெரியவளுக்குப் போடுவது வழக்கம். கடலுக்குப் போகிறவர்களைப் பார்த்துக்கொள்ளட்டும் என்று ஆரம்பித்தது, பிறகு திருநாள் மட்டும் என்று இல்லாமல், வலையில் நிறைய விழுந்தாலும் ஒன்று, விழாவிட்டாலும் நேர்ச்சைக்கு ஒன்று என்று ஆனது. தெக்லா மட்டும் போட்டதில்லை. கஞ்சத்தனம் என்று ஊர் சொன்னபோது, நான் பிடிக்கப்போகிற மீனுக்கு நான் சோறு போடமாட்டேன் என்று ஒரே ஒருமுறை பதில் சொன்னாள். இப்போது பார்த்தால் ஊரே சேர்ந்து ஊட்டி ஊட்டிப் பெரியவளுக்கு இரை என்பதே அலுத்துப்போகும்படி செய்து வைத்திருந்தது. தின்கிற பொருள் எதைக் காட்டினாலும் பெரியவள் ஏறிட்டுப் பார்க்கப் போவதில்லை.

வெள்ளிக்கிழமை காலை காற்றுக்கு ஒரு கட்டையிலிருந்த சிவப்புத் துணி அவிழ்ந்து மடுவில் விழுந்தது. அது தண்ணீரைத் தொட்டதுதான் தாமதம், மடுத்தண்ணீர் பிளந்தது. பெரியவள் அடியிலிருந்து நேராக ஏறிவந்து துணியை அடித்தாள், துப்பினாள், மறுபடி அடித்தாள், நூல்நூலாகப் போகும்வரை விடவில்லை. பாலத்தில் நின்றவர்கள் முகமெல்லாம் தண்ணீர்.

தெக்லா முகத்தைத் துடைக்கவில்லை. அவளுக்கு இரண்டு விசயம் ஒன்றாக விளங்கியது. கொடுவா பசியில் மட்டும் கடிக்காது, கோபத்திலும் கடிக்கும். தன் இடத்துக்குள் கேட்காமல் வந்ததைக் கடிக்கும். இது ஒன்று. இன்னொன்று, பெரியவள் முகத்துவாரத்தைத் திருடவில்லை. வயிற்றில் முட்டையோடு ஒவ்வொரு வருசமும் கடல்வாய்க்குப் போய் வந்தவள், ஒவ்வொரு வருசமும் கல்லில் விலா உரசிப் போய் வந்தவள், இந்த வருசம் போனால் அடுத்த வருசம் வழி இருக்காது என்று கண்டுகொண்டு, அவர்கள் அடைப்பதற்கு முன்னால் அதை எடுத்து உள்ளே வைத்துக்கொண்டாள். ஊர் டீ குடித்துவிட்டுத் திரும்பி வந்தது. அவள் விழுங்கினாள்.

“அத்தான்,” என்றாள் தெக்லா, “நாமதான் சும்மா இருந்திருக்கோம்.”

அவள் பாலத்திலிருந்து இறங்கி, நல்ல வெயிலில், எல்லாரும் பார்க்க, புது மணலில் நடந்தாள். கூட்டத்தில் நடப்பதென்றாலே சுவரை ஒட்டி நடக்கிறவள், ஒட்டிக்கொள்ளச் சுவர் இல்லாத மணலின் நட்டநடுவில் நடந்தாள். கட்டைகளை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தாள். இது வெடிப்பு, இது ஈரம், இது முடிச்சு. கடைசியில் சபாபதி நின்றிருந்த இடத்துக்கு வந்து, அவர் பக்கத்தில் இருந்த கட்டையைத் தட்டினாள். நல்ல பூவரசு. குந்தி உட்கார்ந்து இரண்டு கையாலும் பிடித்து ஆட்டத் தொடங்கினாள்.

“அம்மா, அம்மா! அதத் தொடக்கூடாது. அதுதான் முதல் கட்டை. எல்லா அளவும் அதுலருந்துதான் போகுது.”

“அப்படியா சார்,” என்றாள் தெக்லா. கட்டை வந்துவிட்டது.

“கேஸ் ஆகும்மா!”

“ஆகட்டும் சார். செத்த தள்ளி நில்லுங்க, மண்ணு தெறிக்கும்.”

மேனேசர் ஷெட்டிலிருந்து ஓடி வருவதற்குள் கஸ்பார் மொபெட்டைக் குறுக்கே நிறுத்திவிட்டு அது மணலில் புதைந்துவிட்டதென்று சத்தம் போட்டு ஆள் கூப்பிட ஆரம்பித்தார், கூப்பிட்ட ஆள் எல்லாரும் மேனேசருக்கும் தெக்லாவுக்கும் நடுவிலேயே வந்து நின்று தள்ளினார்கள். அவள் பாலத்துப் படியில் உட்கார்ந்து கட்டையைச் சீவினாள். மஞ்சள் பெயின்டில் கத்தி படவில்லை. தலையில் சிவப்புத் துணியையும் அப்படியே விட்டாள். வயிற்றைக் குடைந்து ஈயம் ஊற்றினாள், தகர நாக்கைக் குட்டையாக வைத்தாள், இருப்பதிலேயே பெரிய முள்ளாக இரண்டு மாட்டினாள். தொட்டியில் இழுத்துப் பார்க்கவில்லை. இது நன்றாக நீந்த வேண்டிய தேவை இல்லை.

வீசும் இடத்தைத்தான் அதிகம் யோசித்தாள். கொடுவா தன்னை இழுக்கிறவர் பக்கம் பார்த்துத்தான் துள்ளும், துப்புவது அவருக்குப் பின்னால்தான் விழும்; பாலத்திலிருந்து வீசினால் ஆற்றுக்குள்ளேயே விழும், பழைய இடத்தில் நின்று வீசினால் அங்கே இரண்டு பக்கமும் கம்பெனிக் கல் இருக்கிறது. அவள் இறங்கி, வடக்குக் கரையில், கம்பெனி ஷெட்டுக்கும் கற்குவியலுக்கும் முதுகைக் காட்டிக்கொண்டு நின்றாள். மதியம், ஷெட்டில் வேலை செய்தவர்கள் உள்பட எல்லாரும் பாலத்தில் நின்று வேடிக்கை பார்த்தார்கள்.

வீசினாள். கட்டை மடுவின் அக்கரையில் விழுந்தது. இந்தத் தடவை அவள் வெட்டி நிறுத்தவில்லை, சாகிற மீனாக நடிக்கவில்லை. ஒரே வேகத்தில், நேர்கோட்டில், யாரையும் ஏறிட்டுப் பார்க்காமல் ஊருக்குள் வருகிற கல் லாரி மாதிரி, பெரியவளின் மூக்குக்கு முன்னால் மடுவின் குறுக்கே இழுத்தாள். முதல் தடவை தண்ணீர் அசையவில்லை. இரண்டாம் தடவை ஒரு நிழல் கூடவே வந்தது. மூன்றாம் தடவை கட்டை கரையைத் தொடப்போகும் நேரத்தில் பெரியவள் அடித்தாள்.

நரம்பு பாடியது. பெரியவள் பாலத்துக்கு ஓடினாள். தெக்லா கம்பைச் சாய்த்துத் திருப்பினாள். பெரியவள் அலையாத்தி வேருக்குள் நுழையப் பார்த்தாள். தெக்லா முழங்கால் தண்ணீரில் இறங்கி மறித்தாள். சேலை நனைந்து கனத்தது, உள்ளங்கை கிழிந்தது, பாலத்திலிருந்து செபமாலை தொண்டை கிழியக் கத்தினாள்: “விடாதட்டி! மூணு மட்டம் விட்டுட்ட, இப்ப விட்டியன்னா வீட்டுக்கு வராத!”

“வாய மூடு, அவ தொறக்கட்டும்!” என்று தெக்லாவும் கத்தினாள். வாழ்நாளில் அவள் போட்ட முதல் சத்தம் அது.

பெரியவள் திறந்தாள். தெக்லாவுக்கு நேர் எதிரே, கதவு அளவு உடம்பு முழுதும் தண்ணீருக்கு வெளியே, வெயிலில் வெள்ளியாக எழும்பி, செவுள் இரண்டையும் விரித்து, தலையை உதறினாள். தெக்லா கம்பைத் தாழ்த்தினாள். முதலில் காற்று வந்தது. பிறகு இரைச்சல். பிறகு அந்த இரண்டு கடற்காக்கைகள். பிறகு முகத்துவாரம், அலையும் நுரையும் சுழியும் வற்றமும் ஏற்றமுமாக, தெக்லாவின் தலைக்கு மேலே தாண்டிப் போய் அவளுக்குப் பின்னால் விழுந்தது. ஷெட் இருந்த இடத்தில் விழுந்தது. கற்குவியல் இருந்த இடத்தில் விழுந்தது. பழையதைவிட அகலமாக விழுந்தது, எவ்வளவு என்று பிற்பாடு வள்ளக்காரர்கள் பார்த்தபோது நான்கு வள்ளம் பக்கம்பக்கமாகப் போனது. நின்றுபோயிருந்த வற்றம் அத்தனையும் சேர்த்து ஆறு கடலுக்குள் ஓடியது, பாலத்தடியில் கட்டியிருந்த வள்ளங்கள் எல்லாம் கயிற்றை முறுக்கிக்கொண்டு கிழக்கே திரும்பின.

பெரியவள் அதன் நடுவிலேயே போனாள். நரம்பைச் செவுளில் வைத்து அறுத்தாள், நான்காவது தடவையாக. தெக்லா தண்ணீரில் நின்றபடி அவள் போவதைப் பார்த்தாள். மூன்று பழைய பொய்மீன்களுக்குப் பக்கத்தில் மஞ்சள் கட்டை தொங்கியது, சிவப்புத் துணி அலைக்கு மேலே ஒருமுறை தெரிந்தது, மறைந்தது.

“போயிட்டாளே,” என்றார் கஸ்பார்.

“முட்டை விட்டுட்டு வருவா,” என்றாள் தெக்லா. “எனக்கு வேற கட்டை கெடைக்கும்.”

சனிக்கிழமை பெரிய அதிகாரி வந்தார். மேனேசர் மிச்ச மணலையாவது அளந்து முடிக்கச் சொன்னார். சபாபதி இன்னொரு கட்டை அடித்து அதிலிருந்து டேப்பை இழுத்தார்; டேப் கையிலிருந்து நழுவிக் கடலைப் பார்த்து ஓடியது. வேறொரு இடத்தில் அடித்தார். அங்கேயும் டேப் நெளிந்து திரும்பிக் கிழக்கே விறைத்து நின்றது. எல்லா அளவும் முதல் கட்டையிலிருந்துதான் போக வேண்டும், முதல் கட்டை நகர்ந்துகொண்டிருந்தது.

“முதல் கட்டை எங்கம்மா?” என்று கேட்டார் அவர். அவருக்குக் கோபம் இல்லை. கொஞ்சம் ஆவலாகக்கூட இருந்தது.

தெக்லா கடலைக் காட்டினாள். “அந்தா போகுது சார். அத்தான் வள்ளம் சும்மாதான் நிக்கி. போயி அளந்துட்டு வாங்க.”

அவர் போனார். இன்னமும் அமாவாசை, பௌர்ணமியில் வரும் பெருநீர் நாட்களில் போகிறார், அளவு முடியவில்லை, கஸ்பாரும் அவரும் இப்போது நல்ல சிநேகிதர்கள். கம்பெனி விடவில்லை, மிச்ச மணலில் வருசா வருசம் புதுக் கட்டை அடிக்கிறது. இராயப்பர் திருநாளில் இரட்டைமுனைக்காரர்கள் பெரியவளுக்கு மடவை போடுவதை நிறுத்திவிட்டார்கள். அதற்குப் பதில் வீட்டுக்கு ஒரு கட்டையைப் பட்டப்பகலில் பிடுங்கி, சீவி, முள் மாட்டாமல் பாலத்திலிருந்து போடுகிறார்கள், முட்டை விட்டுத் திரும்பி வந்திருக்கும் பெரியவள் ஒவ்வொன்றையும் தூள்தூளாக அடிக்கிறாள், அவளுடைய கோபம் மழுங்காமல் இருக்கிறது.

போன திருநாளன்று மேனேசரே நேரில் பாலத்துக்கு வந்தார். இன்னும் எத்தனை கட்டையைத்தான் பிடுங்குவீர்கள் என்று கூட்டத்தைப் பார்த்துக் கேட்டார். கூட்டம் தெக்லாவைப் பார்த்தது. அவள் சேலைத் தலைப்பை விரலில் சுற்றிக்கொண்டு, மடியிலிருந்த மஞ்சள் கட்டையைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“முந்தி பூவரசு அடிச்சீய,” என்றாள். “இந்த வருசம் சவுக்கு அடிச்சிருக்கீய. சவுக்கு கனம் சார், சரியா மெதக்க மாட்டேங்குது. அடுத்த மட்டம் பூவரசே போடுங்க.”